புதன்கிழமைகளில் நின்றுபோகும் பாட்டு

என் காரில் இருக்கும் பாட்டு செட் வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காகப் பாடும். புதன்கிழமை மட்டும் பாதியில் நின்றுவிடும். யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். செட் பஞ்சாங்கம் பார்த்துப் பாடுகிறதா என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். கிண்டல் எனக்கு ஆகாது. அவருக்குச் சூடாக நாலு வார்த்தை கொடுத்துவிட்டு, வாங்கிய டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் கேட்டதில் தப்பில்லை என்று பட்டது. ஒரு மின்சாரச் சாமானுக்குக் கிழமை எப்படித் தெரியும்?

ஒரு செட் பாடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். எங்களுக்கு அது பாட வேண்டியிருந்தது. எங்கள் ஒரே மகள் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் தண்ணீர் மோட்டார், கரண்ட், கோழித் தீவனம் இந்த மூன்றையும் தவிர வேறு பேச்சில்லை. காரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது அதுவும் இருக்காது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், பாட்டுக் கேட்பதால்தான் பேசவில்லை என்று இரண்டு பேரும் வைத்துக்கொள்ளலாம். பாட்டு நின்றுவிட்டால், எங்கள் இரண்டு பேர் மனதிலும் அவள்தான் இருக்கிறாள் என்பது தெரிந்துபோகும். அதைத் தாங்கும் தைரியம் எனக்கு இல்லை.

அவள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். குமாரபாளையத்தில் ஒரு துணிக் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஒரு பையனைப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டாள். பையன் தங்கமானவன், குடி கிடையாது என்றெல்லாம் சொன்னார்கள். நம் ஆட்கள் இல்லை என்று காதில் விழுந்ததும் மற்றதைக் கேட்க நான் நிற்கவில்லை. பங்காளிகள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோட்டாரைப் போட்டு, தொட்டியில் விழுந்த தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். பிள்ளையைத் தலைமுழுகியாயிற்று, அப்படி ஒருத்தி இனி இல்லை. பங்காளிகள் எழுந்து போனார்கள்.

அன்றைக்குப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவளும் அந்தப் பையனும் என் கண்ணில் பட்டால் உயிரோடு விடமாட்டேன் என்றேன். தீவன மூட்டையை மழையில் நனைய விட்ட பண்ணை ஆளிடமும் நான் அதையேதான் சொல்வேன். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த மூட்டையைத் தூக்குவான். என் வாய் அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். சொன்னதை நான் மறுநாளே மறந்தும் போனேன்.

சொன்னதை மறந்தேனே தவிர, செய்ய வேண்டியதை ஒன்றுவிடாமல் செய்தேன். ரேஷன் கார்டில் பெயரை எடுத்தேன். சுவரில் இருந்த படங்களை இறக்கினேன். அவள் ஓட்டிய ஸ்கூட்டரை வந்த விலைக்குத் தள்ளினேன். என் போனில் இருந்த நம்பரை அழித்தேன். மனைவியின் போனை வாங்கி அதிலும் அழித்தேன். நான் அழித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடங்கிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எனக்கு முட்டைக்கோழிப் பண்ணை. கோழிப்பண்ணைக்காரனுக்குக் கோளாறு கண்டுபிடிப்பது தினப்படி வேலை. முட்டை குறைந்தால் தீவனமா, தண்ணீரா, வெக்கையா, வெளிச்சமா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் மிச்சம் நிற்பதுதான் கோளாறு. செட்டையும் அந்த முறையில் பிடித்துவிடலாம் என்று இறங்கினேன்.

புதன்கிழமை என் மனைவிக்கு நாமக்கல்லில் முழங்கால் வலிக்குக் கரண்ட் வைப்பார்கள். கீழே மருந்துக்கடை, மாடியில் அந்த சிகிச்சை மையம். கட்டடத்தை ஒட்டி ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் மாடிக்கு இன்னொரு படிக்கட்டும் உண்டு. நான் மேலே போக மாட்டேன். வரிசையில் உட்கார்ந்து ஊரார் முழங்கால் கதையையெல்லாம் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. மருந்துக்கடைக்கு முன்னால் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் போய்க் கால்மணி நேரம் ஆகும், பாட்டு பொசுக்கென்று நின்றுவிடும். செட் உயிரோடுதான் இருக்கும், விளக்கு எரியும், ஆனால் சத்தம் வராது. அரைமணியோ முக்கால்மணியோ கழித்துத் தானாகவே பாட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் மனைவி இறங்கி வருவாள். செட்டில் எழுத்துக் காட்டும் திரை எப்போதோ வெயிலில் செத்துப்போயிருந்தது, அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை.

முதலில் பென் டிரைவை மாற்றினேன். புதன்கிழமை நின்றது. ஃப்யூஸை மாற்றினேன். நின்றது. செட்டின் இரண்டு பக்கமும் தகட்டுச் சாவியைச் செருகி வெளியே இழுத்து, பின்னால் இருந்த வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். எர்த் வயர் துருப்பிடித்த ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. ஆள் சிக்கினான் என்று சந்தோஷமாகச் சுரண்டி, புதிதாக முறுக்கிக் கட்டினேன். வியாழன், வெள்ளி, சனி, அருமையாகப் பாடியது. புதன்கிழமை நின்றது.

வெயில் காரணமாக இருக்குமோ என்று பண்ணையில் உச்சி வெயிலில் காரை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். உள்ளே நான் வெந்தேன், செட் பாடிக்கொண்டே இருந்தது. மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, அதன்மேல் சந்தேகம் திரும்பியது. வெள்ளிக்கிழமை தனியாகப் போய் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே பாட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. இடத்தையும் கழித்தாயிற்று. வெயிலையும் வயரையும் கழித்தாயிற்று. மிச்சம் நின்றது புதன்கிழமை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒரு புதன்கிழமை பாட்டு நின்றிருந்த நேரத்தில் நாலு ஸ்பீக்கரிலும் போன் மணி மாதிரி ஏதோ அடித்தது. என் போனை எடுத்துப் பார்த்தேன், அதில் ஒன்றுமில்லை. இரண்டு அடியில் அதுவாகவே அடங்கிவிட்டது. ரோட்டில் போன எவனுடைய போனோ என்று விட்டுவிட்டேன். எரிச்சலில் செட்டின் தலையில் ஒரு குத்துக் குத்தினேன். என் கைதான் வலித்தது.

கடையில் கொடுத்துவிடலாம் என்று சொன்னபோது என் மனைவி தடுத்தாள். "அது கெடந்தா கெடக்குது, உடுங்க. பாட்டுக் கேட்டு இப்ப என்ன ஆவப்போவுது," என்றாள். ஒரு தேங்காயை உடைத்தால்கூட ஏன் உடைத்தீர்கள் என்று கேட்காதவள், இந்த விஷயத்தில் மட்டும் மூன்று தடவை வேண்டாம் என்றாள். செலவுக்குப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதைச் செய்தே தீருவது என் குணம். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு ஆடியோ கடை இருக்கிறது. வடக்கே போகும் லாரிகளுக்கெல்லாம் செட் மாட்டுகிற இடம். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாத ஆள். புதன்கிழமைக் கதையை நான் முழுசாகச் சொல்லி முடித்தபோது அவர் மட்டும்தான் சிரிக்கவில்லை. செட்டை இழுத்து மேஜையில் வைத்து, தனி பேட்டரியில் மாட்டி ஓடவிட்டார். ஒரு மணி நேரம் குறையில்லாமல் பாடியது. கோளாறு கண்முன் வந்தால்தான் பிடிக்க முடியும், வராததை எப்படிப் பிடிப்பது என்று சலித்துக்கொண்டார். முதலில் திரைக்கு உயிர் கொடுப்போம், உள்ளே என்ன ஓடுகிறது என்று அது சொல்லட்டும் என்று முகப்பைக் கழற்றினார்.

திரைக்குப் போகும் பட்டையான வயர் வெயிலில் காய்ந்து அப்பளமாக நொறுங்கியிருந்தது. பழைய செட் ஒன்றில் இருந்து அதே மாதிரிப் பட்டையை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாக ஈயம் வைத்தார். அதற்கு அரைமணி நேரம் பிடித்தது. மறுபடியும் கரண்ட் கொடுத்ததும் திரை நீல நிறத்தில் எரிந்தது. அவர் பொத்தான்களை அழுத்தி உள்ளே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இதில் போன் எதுவும் சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் பென் டிரைவில் மட்டும்தான் கேட்பேன், போன் எதையும் சேர்க்கவில்லை என்றேன். ஒன்று இருக்கிறதே என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

இங்கிலீஷ் எழுத்தில் 'முட்டைக்காரி' என்று இருந்தது.

ஹாஸ்டலில் மற்ற பெண்கள் என் மகளுக்கு வைத்த பெயர் அது. கோழிப்பண்ணைக்காரர் மகள் என்பதால் முட்டைக்காரி. கேள்விப்பட்ட அன்று எனக்கு வந்த கோபத்துக்கு, வார்டனிடம் போய்ச் சண்டை போடுவதாக வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பெயரையே தன் போனுக்கு வைத்தாள். இந்தக் காரை எடுத்த அன்று முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வேலையாக அந்த போனைத்தான் செட்டில் சேர்த்தாள். ரேஷன் கார்டு வரைக்கும் தேடித் தேடி அவளை அழித்த எனக்கு, இந்தப் பெட்டிக்குள் அவள் இருப்பது தெரியவில்லை.

கடைக்காரர் எனக்குப் புரியும்படி சொன்னார். "செட்டுல பழுதே இல்லீங்கண்ணா. இந்த போன் முப்பது அடிக்குள்ள வந்துச்சுன்னா, செட்டு பாட்ட நிறுத்திட்டு அதப் புடிச்சுக்குது. போன் அக்கட்டால போனா மறுக்காப் பாட்டுக்கு வந்துருது. இந்த போன்காரங்க புதன்கிழமை உங்க காருக்குப் பக்கத்துல வாராங்க, அவ்வளவுதானுங்க."

அதோடு இரண்டு விஷயம் சேர்த்துச் சொன்னார். இந்த செட்டின் முகப்பிலேயே பேசுவதற்கு மைக் இருக்கிறதாம். அந்த போனுக்கு அழைப்பு வந்தால் கார் ஸ்பீக்கரில் கேட்கும், காரில் உட்கார்ந்தபடியே பதில் பேசலாமாம். இன்னொன்று, கார் செட் பிடித்துக்கொண்டிருப்பதை அந்த போனும் தன் திரையில் காட்டுமாம். பிறகு, உங்களுக்கு இது உபயோகமில்லையே, அழித்துவிட்டால் பாட்டு நிற்காது, அழித்துவிடவா என்று பொத்தானில் விரலை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். கடைக்காரர் விரலை எடுத்துக்கொண்டு, சரிங்கண்ணா, இருக்கட்டும் என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதித் தூரம் கோபம்தான். இத்தனை நாளாக என் மனைவி என்னை ஏமாற்றியிருக்கிறாள். முழங்கால் வலி, கரண்ட் வைப்பது எல்லாம் சாக்கு. மேலே அவள் மகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, கீழே நான் எர்த் வயரைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். போனதும் கேட்டுவிடுவது என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே வந்தேன். ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், முப்பது அடி என்பது எவ்வளவு என்று மனசு கணக்குப் போட்டது. எங்கள் ஷெட்டில் ஒரு வரிசைக் கூண்டின் நீளம்கூட இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறாள். காரை ஓரம் கட்டினேன். அழுகை வந்தது, அழுதேன். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அழுது முடித்ததும் புத்தி வேறு பக்கம் ஓடியது. அவள் போனிலும் காட்டும் என்றாரே கடைக்காரர். அப்படியானால், அப்பாவின் கார் பக்கத்தில் நிற்கிறது என்று அவளுக்கும் வாராவாரம் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்று நினைத்திருந்தால் விரலால் ஒரு தட்டுத் தட்டி அழித்திருக்கலாம், படித்த பெண் அவள், அது எப்படி என்று தெரியாதா? அழிக்கவில்லை. எனக்காக அந்த ஒரு கதவை மட்டும் சாத்தாமல் வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். என் பிள்ளை என்னை விடவில்லை. அந்த நினைப்பில் எனக்குப் பசிகூட எடுக்கவில்லை.

மனைவியிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் நான் இறங்கிவந்த மாதிரி ஆகிவிடும், அதற்கு வீம்பு இடம் கொடுக்கவில்லை. அவள் காருக்குள் எரிகிற திரையைப் பார்த்துவிட்டு, கடையில் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். உள்ளே எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துப் புதிதாகப் பண்ணிவிட்டார்கள் என்று வேண்டுமென்றே சொன்னேன். அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசை. அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் முழுவதும் ஷெட்டில் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தேன். என்ன சொல்வது? எப்படி இருக்கிறாய் என்பதா, சாப்பிட்டாயா என்பதா, வீட்டுக்கு வா என்று நேராகவே சொல்லிவிடுவதா? மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது. அதைக் கேட்காமல் கேட்கிற மாதிரி ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான கோழிகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசியில், உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன் என்று ஆரம்பிப்பது என்று தீர்மானித்தேன். அது பொய். கட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டிருந்தேன். அதனால் செவ்வாய்க்கிழமை போய் ஒரு கட்டில் வாங்கிவந்து போட்டேன். மனைவி எதற்கு என்று கேட்டாள். பண்ணை டாக்டர் வந்தால் படுக்க என்றேன்.

புதன்கிழமை நாமக்கல் போகும் வழியெல்லாம் பாட்டு ஓடியது. மருந்துக்கடை முன்னால் நிறுத்தினேன். இறங்கும்போது, எங்கேயும் போய்விடாமல் இங்கேயே இருப்பீர்கள்தானே என்று கேட்டாள். எப்போதும் கேட்பாள். வெயிலில் அலைந்துவிடப் போகிறாரே என்ற அக்கறை என்றுதான் இவ்வளவு நாளும் எடுத்துக்கொண்டிருந்தேன். இருப்பேன் என்றேன். அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள்.

கால்மணி ஆனது. இருபது நிமிடம் ஆனது. வழக்கமான நேரம் தாண்டிவிட்டது, பாட்டு நிற்கவில்லை. வரமாட்டாளோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி ஆகப்போகும்போது பாட்டு பொசுக்கென்று நின்றது, நீலத் திரையில் அந்தப் பெயர் வந்தது. முட்டைக்காரி.

கண்ணாடிகளில் எல்லாம் தேடினேன். பேக்கரி முன்னால் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குள் போனாள். மகள் எங்கேயும் இல்லை. சந்துக்குள் பின்பக்கம் இருக்கிறாள் என்று புரிந்தது. இறங்கிப் போவோமா, உட்கார்ந்தே இருப்போமா என்று கதவில் கையை வைத்துக்கொண்டு தவித்தபோது, நாலு ஸ்பீக்கரிலும் மணி அடித்தது. அவள் போனுக்கு அழைப்பு. திரையில் ஓடிய நம்பர் என் மனைவியுடையது. இரண்டு அடியில் மணி நின்றது, அவள் எடுத்துவிட்டாள். எடுத்தவள் சந்தில் எங்கேயோ நிற்கிறாள், கூப்பிட்டவளின் குரல் எனக்கு முன்னால் வந்தது.

"சாமி, எங்க வந்துட்ட? போன்ல அப்பா காரு காட்டுதான்னு மொதல்ல பாரு. செட்ட என்னமோ புதுசாப் பண்ணிட்டு வந்திருக்காரு, அந்தப் பயத்துலதான் கூப்புட்டேன். காட்டுனா வண்டிக்குள்ளயே இருக்காரு, நீ பின்னால படியில ஏறி வா. காட்டலீன்னா எறங்கிட்டாருன்னு அர்த்தம். அப்படியே திரும்பி பஸ் ஏறிப் போயிரு சாமி. நிக்காத."

இவ்வளவுதான் விஷயம். எனக்காகத் திறந்துவைத்த கதவு என்று நான் ஒரு வாரமாகக் கொண்டாடியது, நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்துக்கொள்ள அவர்கள் வைத்திருந்த காவல். பாட்டு நின்றிருக்கிறவரை அப்பா காருக்குள் அடைபட்டிருக்கிறார், அதுவரைக்கும் அம்மாவும் மகளும் பேசலாம். போனில் கார் மறைந்தால் அவர் செட்டை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார், ஓட வேண்டியதுதான். உயிரோடு விடமாட்டேன் என்று நான் சொன்னதை, நான் மறந்ததுபோல அவர்கள் மறக்கவில்லை.

"கேக்குதா சாமி? ஏன் பேச மாட்டேங்கற?" என்றது ஸ்பீக்கர்.

மகள் சந்தில் நின்று தன் போனில் அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள். பேச்சு முழுவதும் கார் செட்டுக்கு வந்துவிட்டதால் அந்தக் குரல் எங்கேயும் போகாது. போகக்கூடியது என் குரல் மட்டும்தான். ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. மனைவியிடம் பதற்றப்பட வேண்டாம் என்று சொல்லவேண்டும், அதுமட்டும்தான் தோன்றியது.

"நான்தான்," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அந்தப் பக்கம் கரண்ட் வைக்கிற மிஷின் விட்டு விட்டுக் கூவியது மட்டும் கேட்டது. மகளின் போனில் என் குரல் வந்தால் மனைவி என்ன நினைப்பாள் என்று எனக்கு உறைப்பதற்குள், அவள் குரல் வந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

"அவள என்ன பண்ணுனீங்க?"

ஒன்றும் பண்ணவில்லை, பண்ணவில்லை என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. போன் கீழே விழுந்த சத்தமும், எழுந்திருக்காதீங்கம்மா என்று ஒரு பெண் கத்துவதும் கேட்டது. நான் காரை விட்டு இறங்கவில்லை. படியில் கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் அவள் இறங்கி வந்தாள். ஒரு முழங்காலில் கரண்ட் வைக்கிற பட்டை ஒட்டியபடி இருந்தது, அதன் வயர் காலோடு தரையில் இழுபட்டு வந்தது.

வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் பின்சீட்டைக் குனிந்து பார்த்தாள். அது காலியாக இருப்பதைக் கண்டபிறகு ஸ்டியரிங் மேல் இருந்த என் கைகளைப் பார்த்தாள்.

செட்டில்தான் பேச்சுக் கேட்டது, நான் அவளைப் பார்க்கவே இல்லை என்று திரையைக் காட்டினேன். அவள் திரையில் இருந்த பெயரைப் படித்தாள், மூச்சு வாங்கியது. பெற்ற பிள்ளையை நான் கொன்றிருப்பேன் என்று நினைத்து ஒரு மாடி இறங்கி வந்திருக்கிறாள், என்னோடு இருபத்தெட்டு வருடம் இருந்தவள். அதை நினைக்க எனக்கு உடம்பு கூசியது. அதையும் மீறிக் கேட்டேன். "ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்தர்றேன். எட்ட நின்னு பாக்கறேன்."

அவள் திரும்பிச் சந்தைப் பார்த்தாள். பின்பக்கமாகவே நாலு எட்டு நடந்து போய், சந்து வாசலில் இரண்டு பக்கச் சுவரிலும் கையை வைத்து நின்றுகொண்டாள்.

"வேண்டாமுங்க," என்றாள். "நீங்க போயிருங்க."

அந்த 'ங்க' மாறவில்லை. கையும் சுவரை விட்டு இறங்கவில்லை. அவளைத் தள்ளிவிட்டுப் போவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. நான் அப்படிப் போகக்கூடியவன் என்று தெரிந்துதான் அவள் அங்கே நின்றாள். காரைக் கிளப்பினேன். கொஞ்ச தூரம் போனதும் திரையில் பெயர் அணைந்து, பாட்டு நின்ற இடத்தில் இருந்து தானாகப் பாட ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தேன். நான் முனை திரும்பும்வரை அவள் அந்தச் சந்து வாசலைவிட்டு நகரவில்லை.